கிருமி ஒண்ணு... மருந்து நாலு! குடற்புண்ணுக்கு எந்தக் கூட்டு கேட்கும்?

தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். முதல் பக்கம் முழுக்க மல்லாட்டையில் விழுந்த சுருள்பூச்சி பற்றிய கேள்வி. அதற்கு வழக்கமான கேள்வி-பதில் பகுதியில் பதில் வருகிறது. பக்கத்தைத் திருப்பினால், ‘இது விவசாயக் கேள்வி இல்ல, தப்பா நினைக்காதீங்க’ என்று தொடங்கி வேறொரு சமாசாரம் எழுதியிருந்தார்.

‘எனக்கு வயசு 46. மூணு வருஷமா வயித்து எரிச்சல். எண்டோஸ்கோப்பி பண்ணி, புண்ணு இருக்கு, ஹெச்.பைலோரினு ஒரு கிருமி இருக்குனு சொல்லி ஒரு கிட் கொடுத்தாங்க. அஞ்சு நாள் போட்டேன். வாயெல்லாம் கசப்பு, குமட்டல். வலியும் நின்னுடுச்சு, நிறுத்திட்டேன். இப்ப திரும்ப அதே எரிச்சல். என் மச்சானுக்கும் இதே கிருமிதான். அவருக்கு வேலூர்ல வேற மாத்திரை, நாலு வேளை, 14 நாள். அவருக்கு சரியாயிடுச்சு. எது நல்ல மருந்து? மச்சான் சீட்டைக் காட்டி நானும் அதையே வாங்கிப் போடலாமா?’

கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், போடாதீங்க. காரணம் கொஞ்சம் நீளமானது. திருவண்ணாமலை, கலசபாக்கம், போளூர், செங்கம் என்று எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் சட்டைப் பையில் ‘கேஸ் மாத்திரை’ வைத்திருப்பவர்கள் நாலு பேராவது இருப்பார்கள் என்பதால், நீளமாகவே எழுதலாம் என்று தோன்றியது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு, வழியில் கண்டதையும் தின்று மறுநாள் வயிற்றுப்போக்கு வருகிறதே, அது வேறு. அது குடலில் வரும் கோளாறு. பெரும்பாலும் உப்பு-சர்க்கரைக் கரைசலிலேயே இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இங்கே பேசுவது இரைப்பைக்குள் குடியேறி, மருந்தால் ஒழிக்காவிட்டால் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும் கிருமியைப் பற்றி.

அறுவை சிகிச்சை காலம்

எங்கள் பெரியப்பா வயிற்றில் மேலிருந்து தொப்புள் வரை நீளமாக ஒரு தையல் தழும்பு இருந்தது. ‘அல்சர் ஆபரேஷன்’ என்பார். அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் அந்தத் தழும்பு உண்டு. குடற்புண் என்றால் அறுப்பதுதான் வைத்தியம் என்று இருந்த காலம் அது. தென்னிந்தியாவில் இந்த நோய் ரொம்ப அதிகம். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர், மலையேற்றத்தை முடித்துவிட்டு இந்தியாவில் சுற்றிப் பார்க்க வந்தவர், அப்போது திருவிதாங்கூரில் இருந்த (இப்போது கன்னியாகுமரி மாவட்டம்) நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். அவர் கத்தி வைத்ததில் பெரும்பகுதி முன்சிறுகுடல் புண்ணுக்குத்தான். இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை. பிற்பாடு வேலூர் சி.எம்.சி-யிலும் பல வருஷம் இருந்தார். மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்று வாழும் ஏழைகளின் சத்துக்குறைவுதான் காரணமாக இருக்கும் என்று அவர் எண்ணினார். வேறு சிலர் மிளகாய் என்றார்கள், சிலர் கவலை என்றார்கள்.

கிருமி என்று யாரும் சொல்லவில்லை. இரைப்பையில் சுரக்கும் அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1979-ல் இரைப்பைச் சதைத் துணுக்குகளில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்தார். அவரோடு சேர்ந்த இளம் டாக்டர் பேரி மார்ஷல், கிருமியைத் தட்டில் வளர்க்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. வழக்கமாக இரண்டு நாளில் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982-ல் ஈஸ்டர் விடுமுறை வந்ததால் தட்டு கூடுதலாகச் சில நாள் கிடந்தது. வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! மற்றவர்கள் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்துவிட்டார். சில நாளில் குமட்டல், வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை வீங்கியிருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பெரியப்பா 1978-ல் ஆபரேஷன் செய்துகொண்டவர். கொஞ்சம் பின்னால் பிறந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும்.

ஏன் ஒரு மருந்து போதாது?

இந்தக் கிருமி இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொள்கிறது. நாம் தின்னும் யூரியாவை அல்ல, உடம்பில் தானாக இருக்கும் யூரியாவை உடைத்துத்தான் இந்த அம்மோனியா. நிலத்தில் யூரியா போட்டால் நடப்பதும் இதே வேலைதான். அங்கே மண் கிருமி செய்கிறது, இங்கே இது செய்கிறது.

அமிலம் இருக்கும் இடத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகள் சரியாக வேலை செய்யாது. உப்புத் தண்ணீரில் களைக்கொல்லியைக் கலந்தால் வீரியம் குறைகிறதல்லவா, அதுபோல. அதனால் முதலில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டும். ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் இந்த வகைதான். நம் ஆட்கள் ‘கேஸ் மாத்திரை’ என்று வாங்கிப் போடுவதும் இதைத்தான். இதைத் தனியாக எத்தனை வருஷம் போட்டாலும் எரிச்சல் அடங்கும், கிருமி சாகாது. அமிலம் குறைந்தபின் கிருமியைக் கொல்ல ஆன்டிபயாடிக். அதிலும் ஒன்று மட்டும் கொடுத்தால் தப்பிப் பிழைத்த சில கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். அதனால்தான் எப்போதும் கூட்டாகவே கொடுக்கிறார்கள்.

1987-88-ல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் பக்கம் பருத்தியில் பச்சைக் காய்ப்புழு எந்த மருந்துக்கும் சாகாமல் போன கதை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே பைரித்ராய்டு மருந்தை ஓயாமல் அடித்து, அடித்து, புழு அதற்குப் பழகிவிட்டது. வயிற்றுக்குள் நடப்பதும் அதுதான்.

கூட்டுகளை ஒப்பிட்டால்...

இருபது முப்பது வருஷமாக அதிகம் கொடுக்கப்பட்டது மூன்று மருந்துக் கூட்டு. அமிலம் குறைக்கும் மாத்திரை, கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின். காலை, மாலை என்று இரண்டு வேளை, போடுவது சுலபம். ஆரம்பத்தில் பத்தில் ஒன்பது பேருக்குக் கேட்டது. வரவரக் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. காரணம், சளி, இருமல், தொண்டை வலிக்கெல்லாம் இதே குடும்பத்து மருந்தான அசித்ரோமைசினை மூன்று நாள் கோர்ஸாக எல்லோரும் விழுங்கியதால் கிருமி பழகிப்போனது.

நம் நாட்டு நிலவரத்துக்கு 2003-ல் வெளிவந்த ஒரு ஆய்வு முக்கியமானது. லக்னோ, சென்னை, ஹைதராபாத், டெல்லி, சண்டிகர் ஆகிய இடங்களில் நோயாளிகளிடமிருந்து எடுத்த 259 கிருமி மாதிரிகளைச் சோதித்தார்கள். மெட்ரோனிடசோலுக்கு 77.9 சதவிகிதம் மாதிரிகள் சாகவில்லை. சென்னையை மட்டும் எடுத்தால் 88.2 சதவிகிதம். கிளாரித்ரோமைசினுக்கு 44.7, அமாக்சிசிலினுக்கு 32.8 சதவிகிதம். டெட்ராசைக்ளினுக்கு மட்டும் எதிர்ப்பு மிகக் குறைவு, 4 சதவிகிதத்துக்குள் அடங்கிவிட்டது. இது பழைய கணக்கு, எண்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் திசை தெரிகிறது. ஒரு ஊரில் கிளாரித்ரோமைசினுக்குப் பழகிய கிருமி 15 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டால், சோதித்துப் பார்க்காமல் அந்த மூன்று மருந்துக் கூட்டைக் கொடுக்க வேண்டாம் என்பது உலக அளவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாம் அதைப்போல மூன்று மடங்கு. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளைப் பட்டியலிட்டபோது, கிளாரித்ரோமைசினுக்குச் சாகாத ஹெச்.பைலோரியையும் அதில் சேர்த்தது.

மெட்ரோனிடசோல் ஏன் இவ்வளவு மோசம் என்று யாரும் ஆச்சர்யப்பட வேண்டாம். வயிற்றுப்போக்கு என்றால் நம் ஊரில் முதலில் கைக்கு வருவதே அந்த மாத்திரைதானே! சில கிட்களில் இருக்கும் டினிடசோல் அதன் தம்பி. அண்ணனுக்குச் சாகாதது பெரும்பாலும் தம்பிக்கும் சாகாது.

கடிதம் எழுதியவரின் மச்சானுக்குக் கொடுத்தது நாலு மருந்துக் கூட்டாகத்தான் இருக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். பிஸ்மத் என்பது ஒரு உலோக உப்பு. கிருமியை நேரடியாகவும் தாக்கும், மற்ற மருந்துக்கும் துணை நிற்கும். கிருமி இதற்குப் பழகுவதே இல்லை என்று சொல்லலாம். மெட்ரோனிடசோல்தான் கேட்காதே, அதை ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். அளவைக் கூட்டி, 14 நாள் வரை நீட்டி, பிஸ்மத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அந்த எதிர்ப்பைப் பெருமளவு தாண்டிவிட முடிகிறது. கிளாரித்ரோமைசினில் அந்த வித்தை பலிக்காது. அதற்குப் பழகிய கிருமிக்கு எவ்வளவு கொடுத்தாலும் கேட்காது.

மூன்றாவது வகையில் பிஸ்மத் கிடையாது. முதல் கூட்டோடு மெட்ரோனிடசோலையும் சேர்த்து நாலாகக் கொடுப்பார்கள்.

இந்த மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வு தைவானில் நடந்தது. 1,620 பெரியவர்களை மூன்று சம பங்காகப் பிரித்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. பிஸ்மத் கூட்டு 10 நாளில் 90.4 சதவிகிதம் பேருக்குக் கிருமியை ஒழித்தது. பிஸ்மத் இல்லாத நாலு மருந்து 10 நாளில் 85.9. பழைய மூன்று மருந்து 14 நாள் கொடுத்தும் 83.7. ஆனால் பக்கவிளைவைப் பாருங்கள். பிஸ்மத் கூட்டில் 67 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு வந்திருக்கிறது, மூன்று மருந்தில் 47. கேட்கும் மருந்துதான் படுத்தவும் செய்கிறது. தைவானில் கிருமியின் எதிர்ப்பு நம்மைவிடக் குறைவு என்பதால், இங்கே மூன்று மருந்துக் கூட்டுக்கு அந்த 83 கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால்தான் அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்கள் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதல்முறை சிகிச்சைக்கே 14 நாள் பிஸ்மத் கூட்டு என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. டெட்ராசைக்ளின் எல்லா மெடிக்கல் கடையிலும் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. இரண்டும் ஒரே இனம் என்றாலும் இந்தக் கிருமி விஷயத்தில் டாக்ஸிசைக்ளின் பலன் குறைவு. கடைக்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதாம்பா’ என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

இவை தோற்றால் லீவோஃப்ளாக்சசின், ரிஃபாபுடின் சேர்ந்த கூட்டுகள் இருக்கின்றன. இரண்டுமே காசநோய் மருந்துகளின் வரிசையில் உள்ளவை. காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில், யோசித்து, மார்பு எக்ஸ்ரே பார்த்து, கடைசியாக எடுக்க வேண்டிய ஆயுதங்கள். கடையில் கேட்டு வாங்கும் மருந்து இல்லை. அமிலத்தை இன்னும் வேகமாக அடக்கும் வோனோபிரசான் என்ற புது மாத்திரை ஜப்பானில் வந்து, இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை கூடுதல்.

மச்சான் சீட்டு ஏன் உதவாது?

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் மச்சான் முதல்முறையாக மருந்து போட்டவர். நீங்கள் ஐந்து நாள் போட்டுப் பாதியில் விட்டவர். உங்கள் வயிற்றில் மிச்சம் இருப்பது அந்த ஐந்து நாளைத் தாண்டிப் பிழைத்த கிருமி. முதல் கிட்டில் எந்த மருந்து இருந்ததோ, குறிப்பாகக் கிளாரித்ரோமைசின் இருந்திருந்தால், அதை மறுபடி கொடுப்பதில் பயனில்லை. அதனால் பழைய சீட்டு, காலி அட்டை எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த கூட்டை முடிவு செய்ய முடியும். பென்சிலின் ஊசி அலர்ஜி உண்டா, சின்ன வயதில் தடிப்பு வந்ததா என்பதையும் சொல்லுங்கள். அமாக்சிசிலின் அதே இனம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பிஸ்மத் கூட்டை எழுதிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு 13 மாத்திரை வரைகூட வரும். ஏர் ஓட்டப் போகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் மத்தியான மாத்திரையைத்தான் விடுகிறார்கள். ஒரு தீப்பெட்டியில் அன்றைய மாத்திரையைப் போட்டு மடியில் கட்டிக்கொண்டு போங்கள். மலம் கருப்பாகப் போகும், நாக்கும் கருத்துப்போகும். பயப்பட வேண்டாம், அது பிஸ்மத். டெட்ராசைக்ளினைப் பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மெட்ரோனிடசோல் போடும் நாளிலும் முடிந்து மூன்று நாள் வரையிலும் சாராயம், பீர் எதுவும் கூடாது. குமட்டல் தாங்கவில்லை என்றால் நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். குமட்டலுக்குத் தனியாக மாத்திரை தர முடியும்.

எல்லாம் முடிந்தபின் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. வலி நின்றதை வைத்து முடிவு செய்ய முடியாது. நம் வாசகருக்கு ஐந்தாம் நாளே வலி நின்றதே! மருந்து முடிந்து நாலு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ, மலப் பரிசோதனையோ செய்யலாம். மூச்சுப் பரிசோதனையில் ஒரு குளிகையோ கரைசலோ கொடுத்து, பையில் ஊதச் சொல்வார்கள். வலியே கிடையாது. அதற்கு முன் இரண்டு வாரம் கேஸ் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் பல மாதம் ரத்தத்தில் அதன் தடயம் இருக்கும்.

இந்தக் கட்டுரை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் வேறு சில வாசகர்கள் கேட்டது:

‘வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா எல்லாருக்கும் மருந்து கொடுக்கணுமா?’

நம் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி உண்டு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வீட்டுக்குள்ளிருந்து தொற்றிவிடும். அதில் பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. புண் இருப்பவர்கள், தொடர்ந்து அஜீரணத் தொந்தரவு உள்ளவர்கள், இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் ரத்த உறவுகள், நீண்ட நாள் வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ போட வேண்டியவர்கள் பரிசோதித்துக்கொள்ளலாம். 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டார்கள். ஆனால், தொற்று இவ்வளவு இருந்தும் இந்தியாவில் மொத்தமாகப் பார்த்தால் இரைப்பைப் புற்றுநோய் குறைவு. அது இன்னும் அவிழாத புதிர். மிசோரம் மாதிரி சில இடங்களில் மட்டும் மிக அதிகம்.

‘மணத்தக்காளிக் கீரை, நீராகாரம், வாழைத்தண்டு சாப்பிட்டாலே அல்சர் போயிடும்ங்கிறாங்களே?’

சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். எரிச்சலுக்கு இதமாக இருக்கும். கிருமியை ஒழிக்காது. மிளகாயைக் குறைத்தாலும் அப்படித்தான். மிளகாயால் புண் வருவதில்லை, இருக்கிற புண்ணில் எரியும், அவ்வளவே.

‘எனக்குக் கிருமி இல்லைனு சொல்லிட்டாங்க. அப்படியும் புண்ணு எப்படி வந்துச்சு?’

நடவு, களையெடுப்பு முடிந்து இடுப்பு வலிக்கு என்ன போடுகிறீர்கள்? எங்கள் அக்கா வீட்டுக்காரர் கடையில் ‘உடம்பு வலிக்கு ரெண்டு செட் கொடுப்பா’ என்று கேட்டு, பெயர் இல்லாத காகிதத்தில் மடித்துக் கொடுத்ததை வருஷக்கணக்கில் போட்டார். ஒருநாள் ராத்திரி தார் மாதிரி கருப்பாக மலம் போய், மயங்கி விழுந்துவிட்டார். புண்ணிலிருந்து ரத்தக் கசிவு. அந்தப் பொட்டலத்தில் இருந்தது டைக்ளோஃபினாக். இந்தக் கிருமிக்கு அடுத்தபடி குடற்புண்ணுக்குப் பெரிய காரணம் இந்த வலி மாத்திரைகள்தான். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். பிஸ்மத் எதுவும் போடாமலே மலம் தார்போலப் போனால், வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வந்தால், விழுங்கச் சிரமப்பட்டால், காரணமின்றி எடை இறங்கினால், எந்தக் கூட்டு நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மாமாவுக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். இடுப்பு வலிக்கு ஒத்தடம் மட்டும்தான்.